1918இல் எண்ணினார்கள், 2020இல் எண்ணவில்லை

அந்த விண்ணப்பப் படிவத்தில் ஒரு சான்று கேட்கிறார்கள். இறந்தவர் கொரோனா பணிக்காக அமர்த்தப்பட்டிருந்தார், நோயாளிகளோடு நேரடித் தொடர்பு ஏற்படக்கூடிய வேலையில் இருந்தார் என்று நிறுவனம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். 2020 மார்ச் 26ஆம் தேதி ஒன்றிய நிதி அமைச்சர் அறிவித்த 50 லட்ச ரூபாய் காப்பீட்டுக்கான படிவம் அது. அறிவிப்பு வந்த அன்று மருத்துவர், செவிலியர் என்ற வரிசையில் துப்புரவுப் பணியாளர் என்ற சொல்லும் தொலைக்காட்சியில் கேட்டது. நம் தெருக்களில் அதைக் கேட்டுக் கண்கலங்கியவர்கள் உண்டு. படிவம் பிறகுதான் வந்தது.

எங்கள் தோழர் ஒருவரின் அம்மா ஒரு நகராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளராக இருந்தார். 2020இலும் 2021இலும் ஒருநாள் கூட ஊரடங்கு அவருக்கு இருந்ததில்லை. காலை ஐந்தரை மணிக்கு மஸ்டரில் பெயர் கொடுத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார். தகரம் அடித்து அடைத்த வீடுகளின் வாசலிலும் குப்பை இருக்கும். தனிமைப்படுத்தப்பட்ட வீட்டுக் குப்பையை மஞ்சள் பையில் தனியாகக் கட்டித் தர வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 மார்ச்சிலேயே கொடுத்த வழிகாட்டுதல். அந்த வார்டில் மஞ்சள் பையை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. முகக்கவசம், மாத்திரை அட்டை, சாப்பிட்ட தட்டு, பெரியவர்களுக்குக் கட்டிய டயபர் எல்லாம் ஒரே பையில்தான் வந்தது. கையுறை மாதம் ஒரு ஜோடி. கிழிந்தால் அடுத்த மாதம்தான்.

2021 மே மாதம் அவருக்குக் காய்ச்சல் வந்தது. லீவு போட்டால் கூலி இல்லை என்பதால் மூன்று நாள் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு ஆஸ்பத்திரி. பரிசோதனையில் 'நெகட்டிவ்', சி.டி. ஸ்கேனில் நுரையீரல் முழுக்கப் பாதிப்பு. ஒன்பதாம் நாள் இறந்தார். மருத்துவச் சான்றில் 'நிமோனியா' என்று எழுதியிருந்தது.

சான்று கேட்டு நகராட்சிக்குப் போனோம். அவர் எங்கள் ஊழியர் இல்லை, கான்ட்ராக்டரைப் பாருங்கள் என்றார்கள். கான்ட்ராக்டரின் ஆள் சொன்னது இது: "அவங்க ரெகுலர் குப்பை எடுத்தவங்க. கொரோனா டியூட்டி தனி. அதுக்கு ஆர்டர் இருக்கணும்." தோழர் கேட்டார்: "வைரஸ் ஆர்டரைப் பாத்துட்டா சார் எங்கம்மா மேல ஏறுச்சு?" அவரிடம் பதில் இல்லை. சான்றும் இல்லை.

பிறகு உச்ச நீதிமன்றம் தலையிட்டதால் கொரோனாவில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் என்று ஆனது. சான்றிதழில் காரணம் தவறாக இருந்தால் மாவட்டக் குழுவிடம் முறையிடலாம் என்றும் விதி வந்தது. ஸ்கேனை எடுத்துக்கொண்டு அலைந்தோம். குழு ஒப்புக்கொண்டது, பணம் வந்தது. ஆக, 50,000 ரூபாய் கொடுக்கும்போது அது கொரோனா சாவு. 50 லட்சம் என்று வரும்போது அது ரெகுலர் குப்பை.

இது ஏதோ ஓர் ஊரின் ஒரு குமாஸ்தா செய்த பிழை என்று நினைக்கும் இளைய தோழர்களுக்காகத்தான் இதை எழுதுகிறோம். ஒரு நாட்டின் சுகாதார அமைப்பு பெருந்தொற்றுக்கு எப்படித் தயாராகிறது என்பதை, அது யாரை நம்பி இருக்கிறது, யாரை எண்ணிக் கணக்கில் வைக்கிறது என்ற இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் புரியும். இந்தியாவில் இந்த இரண்டு பட்டியல்களும் ஒன்றல்ல.

நூறு ஆண்டு பின்னால் போவோம். 1918இல் இன்ஃபுளுயன்சா பம்பாய்த் துறைமுகம் வழியாக இந்தியாவுக்குள் வந்தது. கோடிக்கு மேல் மக்கள் செத்தார்கள். அந்த ஆண்டு பம்பாய் நகராட்சியின் சுகாதார அதிகாரி ஒரு அட்டவணை தயாரித்தார். ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் இந்தக் காய்ச்சலில் இறந்தார்கள் என்ற கணக்கு, சமூகவாரியாக. ஐரோப்பியர் 8.3. பார்சிகள் 9.0. முஸ்லிம்கள் 19.2. சாதி இந்துக்கள் 18.9. 'தாழ்ந்த சாதி இந்துக்கள்' என்று அவர்கள் எழுதிய நம் மக்கள் 61.6.

ஒரே நகரம், ஒரே கிருமி, ஒரே சில மாதங்கள். சாதி இந்துவைவிட மூன்று மடங்குக்கும் மேலாக நாம் செத்தோம். வெள்ளைக்காரனைவிட ஏழு மடங்கு. "நோய்க்குச் சாதி தெரியாது" என்று யாராவது உங்களிடம் சொன்னால் இந்த எண்ணைச் சொல்லுங்கள். நோய்க்குத் தெரிய வேண்டியதில்லை. குடிசையின் அகலத்துக்குத் தெரியும், குழாய் எங்கே இருக்கிறது என்பதற்குத் தெரியும், பிணத்தை யார் தூக்குகிறார்கள் என்பதற்குத் தெரியும்.

அந்த அட்டவணையைப் போட்டவர்கள் நம்மீது அன்பு கொண்டவர்கள் இல்லை. காலனி அரசு எண்ணியது தன் ஆட்சிக்காக. ஆனாலும் எண்ணியது. அதனால்தான் நூறு ஆண்டு கழித்து நாம் அதை எடுத்துக் காட்ட முடிகிறது. புரட்சியாளர் அம்பேத்கர் எழுதிய அரசமைப்பின் கீழ் இயங்கும் குடியரசு 2020, 2021, 2022 என்று மூன்று ஆண்டுகள் தினமும் மாலையில் எண்களை வாசித்தது. வயது, பாலினம், மாநிலம், இணைநோய் எல்லாம் வந்தன. சாதி மட்டும் வரவில்லை. இந்தப் பெருந்தொற்றில் எத்தனை தலித்துகள் இறந்தார்கள், எத்தனை பழங்குடியினர் இறந்தார்கள் என்று இந்திய அரசிடம் எண் கிடையாது. ஒட்டுமொத்த எண்ணே தகராறில் இருக்கிறது என்பது வேறு. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 47 லட்சம் கூடுதல் சாவுகள் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் மதிப்பிட்டது. அரசின் கணக்கு ஐந்து லட்சத்துக்கும் கீழே. அரசு அந்த மதிப்பீட்டை ஏற்கவில்லை.

எண்ண முடியாதா? இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை 2020 ஜூனிலேயே, கறுப்பின, ஆசிய மக்கள் வெள்ளையரைவிட அதிக விகிதத்தில் இறக்கிறார்கள் என்று இனவாரியாக அறிக்கை வெளியிட்டுவிட்டது. அங்கே இனவெறி இல்லை என்று நாம் சொல்லவில்லை. எண் வெளியே வந்ததால் அதை வைத்துச் சண்டை போட முடிந்தது என்கிறோம். நம் அரசுக்கும் எண்ணத் தெரியும். 2020 ஏப்ரல் 18ஆம் தேதி, மொத்தம் 14,378 தொற்றுகளில் 4,291 டெல்லி தப்லீக் கூட்டத்தோடு தொடர்புடையவை என்று ஒன்றிய சுகாதாரத் துறை செய்தியாளர்களிடம் சதவீதத்தோடு சொன்னது. ஒரு மதத்தின் கூட்டத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றக் கணக்கு கிடைத்தது. குப்பை அள்ளியவர்களின் சாவைச் சொல்லக் கணக்கு கிடைக்கவில்லை. பழிபோட எண்ணுவார்கள், பொறுப்பேற்க எண்ண மாட்டார்கள். நம் தோழர்கள் சிலர் "சாதிவாரியாக எண்ணினால் நம்மையும் நோய் பரப்புகிறவர்கள் என்று ஒதுக்க மாட்டார்களா" என்று கேட்கிறார்கள். நியாயமான பயம். 2020இல் முஸ்லிம் காய்கறி வியாபாரிகளைத் தெருவுக்குள் விடாததை எல்லோரும் பார்த்தோம். அதனால்தான், யார் நோயைக் கொண்டுவந்தார்கள் என்பதை எண்ணச் சொல்லவில்லை. யார் செத்தார்கள், என்ன வேலையில் இருந்தார்கள், என்ன கொடுக்கப்பட்டது என்பதை எண்ணச் சொல்கிறோம்.

இப்போது 'தயாரிப்பு' என்ற சொல்லுக்கு வருவோம்.

இந்தியாவிடம் திட்டமே இல்லை என்று சிலர் சொல்வார்கள். அது சரியில்லை. உயிரியல் பேரிடர்களைக் கையாள்வது பற்றித் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2008லேயே வழிகாட்டு நெறி வெளியிட்டது. காகிதம் இருந்தது. அதே 2008 ஜனவரியில் என்ன நடந்தது தெரியுமா? 1907இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனம், 1948இல் தொடங்கிய கிண்டி பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வகம், இமாச்சலத்தின் கசௌலி மத்திய ஆராய்ச்சி நிறுவனம் ஆகிய மூன்று பொதுத்துறைத் தடுப்பூசி நிலையங்களின் உற்பத்தி உரிமத்தையும் ஒன்றிய சுகாதார அமைச்சகம் நிறுத்திவைத்தது. உற்பத்தித் தரம் போதவில்லை என்பது காரணம். தரத்தை உயர்த்தப் பணம் போட்டிருக்கலாம். பூட்டினார்கள். அமைச்சர் தமிழ்நாட்டுக்காரர்தான். 2010இல் உரிமம் திரும்ப வந்தது. ஆனால் 2021இல் தடுப்பூசிக்காக இந்தியா வரிசையில் நின்றபோது பெரும்பாலும் இரண்டு தனியார் நிறுவனங்களைத்தான் நம்பி நின்றது. மாநில அரசுக்கு ஒரு விலை, தனியார் மருத்துவமனைக்கு ஒரு விலை என்று அவர்கள் பட்டியல் போட்டார்கள். செங்கல்பட்டில் பொதுப்பணத்தில் பல நூறு கோடி ரூபாய்க்குக் கட்டிய தடுப்பூசி வளாகம் ஒரு டோஸ் கூடத் தயாரிக்காமல் நின்றுகொண்டிருந்தது.

பணத்தின் கதையும் இதேதான். பணம் இல்லை என்பதற்காக யாருக்கும் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது என்று போர் குழு 1946இல் சொன்னது. 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை, உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதத்தைச் சுகாதாரத்துக்கு அரசு செலவிடும், அதுவும் 2025க்குள் என்று இலக்கு வைத்தது. 2017-18இல் செலவிட்டது 1.35 சதவீதம். மக்கள் சுகாதாரத்துக்காகச் செலவழிக்கும் மொத்தத்தில் கிட்டத்தட்டப் பாதி அவரவர் மடியிலிருந்து போனது. மடியில் இல்லாதவர்கள் என்ன செய்தார்கள் என்பது அரசுக் கணக்கில் இருக்காது, நம் வீடுகளில் கேட்டால் தெரியும்.

தேதிகளைப் பாருங்கள். 2020 ஜனவரி 30, கேரளத்தில் முதல் தொற்று. மறுநாள் கவச உடைகள், முகக்கவசங்கள் ஏற்றுமதிக்குத் தடை. பிப்ரவரி 8, அறுவை முகக்கவசத்துக்கும் கையுறைக்கும் தடை தளர்ந்தது. மார்ச் 13, "இது சுகாதார அவசரநிலை இல்லை" என்று சுகாதாரத் துறை அதிகாரி சொன்னார். மார்ச் 19, மீண்டும் ஏற்றுமதித் தடை. மார்ச் 22, கைதட்டல். மார்ச் 24, இரவு 8 மணிக்குப் பேச்சு, 12 மணிக்கு ஊரடங்கு. 130 கோடிப் பேருக்கு நான்கு மணி நேரம். ஏற்றுமதியான கையுறையும், மாதம் ஒரு ஜோடி என்று எங்கள் தோழரின் அம்மாவுக்கு வந்த கையுறையும் ஒரே நாட்டின் சரக்குதான்.

கவச உடை தயாராக இல்லை, பரிசோதனைக் கருவி தயாராக இல்லை. ஆக்சிஜன் தயாராக இல்லை. மருத்துவமனைகளில் ஆக்சிஜன் நிலையம் அமைக்க 2020 அக்டோபரில் டெண்டர் விட்டார்கள். அனுமதி கொடுத்தது 162 நிலையங்களுக்கு. 2021 ஏப்ரல் நடுவில், மக்கள் மூச்சுக்குத் தவித்துத் தெருவில் கிடந்த வாரத்தில், அமைத்து முடித்தவை 33 என்று சுகாதார அமைச்சகமே சொன்னது. அந்த ஜூலையில் நாடாளுமன்றத்தில், ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்ததாக மாநிலங்கள் எதுவும் குறிப்பாகத் தெரிவிக்கவில்லை என்று பதில் வந்தது.

ஆனால் ஒன்று முழுத் தயாராக இருந்தது. மார்ச் 25 காலையில் யார் குப்பை அள்ளுவார்கள், யார் மருத்துவமனைக் கழிப்பறை கழுவுவார்கள், யார் பிணத்தைக் கட்டி ஏற்றுவார்கள், யார் எரிமேடையில் நிற்பார்கள் என்று ஒரு கூட்டம் கூட்டி முடிவெடுக்க வேண்டிய தேவை எந்த மாவட்ட ஆட்சியருக்கும் வரவில்லை. டெண்டர் தேவைப்படவில்லை, பயிற்சி தேவைப்படவில்லை. ஆயிரம் ஆண்டுகளாகப் பயிற்சி கொடுத்து வைத்திருக்கிறார்கள். இந்தியச் சுகாதார அமைப்பின் முதல் கையிருப்பு சாதி. அது குறையவே குறையாத கையிருப்பு.

ஆட்சியில் இருப்பவர்களுக்கு இது எப்போதும் தெரியும். 1896இல் பம்பாயில் பிளேக் வந்தபோது நகராட்சி நிர்வாகத்தை ஆட்டிவைத்த பெரிய பயங்களில் ஒன்று, மலம் அள்ளும் ஹலால்கோர் மக்கள் ஊரைவிட்டுப் போய்விடுவார்களோ என்பது. அவர்கள் போனால் நகரமே குடியிருக்க முடியாததாகிவிடும் என்று அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பிளேக்கை அடக்கக் கொண்டுவந்ததுதான் 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டம். நான்கே பிரிவுகள். அதிகாரி எதை வேண்டுமானாலும் செய்யலாம், செய்ததற்காக அவர்மீது வழக்குப் போட முடியாது. நோயாளிக்கு என்ன உரிமை, வேலை செய்பவருக்கு என்ன பாதுகாப்பு என்று ஒரு வரி கிடையாது. 123 ஆண்டு கழித்து இந்தியா கொரோனாவை எதிர்கொள்ள எடுத்துப் பிடித்ததும் இதே சட்டத்தைத்தான். 2020இல் திருத்தம் செய்தார்கள். சுகாதாரப் பணியாளர்களைத் தாக்கினால் சிறை. நல்லதுதான். அதில் மருத்துவர், செவிலியர், துணை மருத்துவப் பணியாளர், சமூக சுகாதாரப் பணியாளர் என்று பெயர் சொல்லியிருக்கிறது. துப்புரவுப் பணியாளர் என்ற பெயர் இல்லை. மாநில அரசு விரும்பி அறிவித்தால் சேர்க்கலாம் என்று பின்வாசல் ஒன்று இருக்கிறது. பின்வாசல் நமக்குப் புதிதில்லை.

அதே 1897இல், புனேயில் அதே பிளேக்கில், சாவித்திரிபாய் பூலே என்ன செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். மருத்துவரான மகன் யஷ்வந்தோடு சேர்ந்து ஊருக்கு வெளியே சிகிச்சை மையம் நடத்தினார். நோய் கண்ட ஒரு மகர் சிறுவனை முதுகில் சுமந்து வந்தார். அதில் தொற்றி மார்ச் 10ஆம் தேதி இறந்தார். அன்றைக்கு அரசு வீட்டுக்குள் சிப்பாய்களை அனுப்பிக்கொண்டிருந்தது. கொள்ளைநோயைத் தொட்டுச் சுமப்பவர்கள், விரட்டிப் பிடிப்பவர்கள் என்று இரண்டு மரபுகள் இந்த நாட்டில் அப்போதே இருந்தன. 2020 மார்ச் இறுதியில் உத்தரப் பிரதேசத்தின் பரேலியில் ஊர் திரும்பிய தொழிலாளர்களைச் சாலையில் உட்காரவைத்துக் கிருமிநாசினியைப் பீய்ச்சி அடித்தார்களே, அது எந்த மரபு என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை.

சொற்களிலும் அந்த மரபு இருந்தது. 'சமூக விலகல்', 'சமூக இடைவெளி' என்று நாடு முழுக்கச் சுவரில் எழுதினார்கள். உலக சுகாதார நிறுவனமே மார்ச்சில் 'உடல் இடைவெளி' என்று சொல்லை மாற்றிக்கொண்டது. இங்கே அந்தச் சொல் அவ்வளவு எளிதாக ஒட்டிக்கொண்டதற்குக் காரணம், அதற்கு முன்பே இடம் இருந்தது. குஷிநகரில் தனிமை முகாமில் இருந்த ஒருவர், தலித் ஊராட்சித் தலைவர் சமைத்த சாப்பாடு என்று அதைத் தொட மறுத்தார். வழக்குப் பதிவானது. ஊரடங்கில் கடை மூடியது, ரயில் நின்றது, கோயில் பூட்டியது. வன்கொடுமை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது: தேசியக் குற்ற ஆவணப்படி பட்டியல் சாதியினர் மீதான குற்ற வழக்குகள் 2019இல் 45,961, 2020இல் 50,291.

இருபது நொடி கை கழுவச் சொன்னார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி வீட்டு வளாகத்துக்குள்ளேயே குடிநீர் கிடைக்கும் பட்டியல் சாதி வீடுகள் சுமார் 35 சதவீதம்தான். நாட்டின் மொத்தச் சராசரி சுமார் 47. மகாத் குளத்தில் பாபாசாகேப் தண்ணீரைக் கையில் அள்ளியது 1927 மார்ச் 20. கைதட்டல் நடந்தது 2020 மார்ச் 22. இடையில் 93 ஆண்டு. குழாய் இன்னும் ஊர்த்தெருவில்தான் இருக்கிறது. வேங்கைவயலில் 2022 டிசம்பரில் குழந்தைகள் அடுத்தடுத்து நோயில் விழுந்த பிறகுதான் தொட்டியில் என்ன கலந்திருக்கிறது என்று தெரிந்தது. நோய்க் கண்காணிப்பு என்று அறிக்கைகளில் படிக்கும்போதெல்லாம் எங்களுக்கு அந்தத் தொட்டிதான் நினைவுக்கு வருகிறது.

தமிழ்நாட்டைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறோம். 1939லேயே பொதுச் சுகாதாரச் சட்டம் கொண்டுவந்த மாகாணம் இது. பொதுச் சுகாதாரத்துக்குத் தனி இயக்குநரகம், மருந்து வாங்க 1994இல் தொடங்கிய தனிக் கழகம், கிராமத்துக்கு எட்டும் ஆரம்ப சுகாதார நிலையம் எல்லாம் இருப்பதால்தான் இங்கே பலர் பிழைத்தார்கள். நம் மக்களும் பிழைத்தார்கள். அரசு ஆஸ்பத்திரி இல்லாவிட்டால் சேரியில் பாதி வீடு காலியாகியிருக்கும். அதனால்தான் கோபம் கூடுகிறது. மாத்திரை வாங்க இவ்வளவு ஒழுங்கான அமைப்பை உருவாக்கத் தெரிந்த அரசு, அதே மருத்துவமனையின் தரையைத் துடைப்பவரை மட்டும் ஏன் ஒப்பந்தக்காரரிடம் விடுகிறது? 2020இல் துப்புரவுப் பணியாளர் என்ற பெயரைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றினார்கள். பெயர் மாறியது, மஸ்டர் மாறவில்லை. கும்பமேளாவில் 2019இல் பிரதமர் காலைக் கழுவினார், 2020இல் பூ தூவினார்கள், 2021 ஜனவரி 16 அன்று நாட்டின் முதல் தடுப்பூசியை டெல்லி எய்ம்ஸில் ஒரு துப்புரவுப் பணியாளருக்குப் போட்டுக் கேமராவில் காட்டினார்கள். மூன்றாம் கட்டச் சோதனையின் பலன் விவரம் வராத, 'சோதனை நிலையில்' அனுமதி பெற்ற ஊசி அது. கால் கழுவ, பூ போட, முதலில் குத்திப் பார்க்க எல்லாவற்றுக்கும் நாம் முன்வரிசை. நியமன ஆணை கேட்டால் மட்டும் வரிசையே இல்லை.

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் பதின்மூன்று நாள் உட்கார்ந்திருந்தவர்கள் யார்? இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் நம் பெண்கள். கொரோனாவில் வடசென்னைத் தெருக்களைக் கூட்டியவர்கள் அவர்களில் உண்டு. எங்களைத் தனியாருக்குத் தள்ளாதே, பணி நிரந்தரம் செய் என்பதுதான் கோரிக்கை. ஆகஸ்டு 13 நள்ளிரவில் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. 'முன்களப் பணியாளர்' என்று 2020இல் பட்டம் கொடுத்த அதே மாநகராட்சியின் வாசலில்தான் அது நடந்தது. எந்தக் கட்சி ஆட்சி என்று கேட்டால், 2020இல் ஒன்று, 2025இல் வேறொன்று.

அடுத்த பெருந்தொற்றுக்கு என்ன திட்டம்? 2024 செப்டம்பரில் நிதி ஆயோக் ஒரு அறிக்கை வெளியிட்டது. முதல் 100 நாள் முக்கியம் என்கிறது, பொதுச் சுகாதார அவசரநிலைக்குப் புதுச் சட்டம் வேண்டும் என்கிறது, அமைச்சரவைச் செயலாளர் தலைமையில் குழு, கண்காணிப்பு, தரவு, ஆராய்ச்சி, உற்பத்தி, தனியார் பங்களிப்பு என்று நான்கு தூண்களை நிறுத்துகிறது. 2025 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை பெருந்தொற்று ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது. 1897 சட்டத்தைத் தூக்கிப் போடவேண்டும் என்பதில் நமக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அந்த நான்கு தூண்களில், குப்பை அள்ளுகிறவரின் வேலை நிரந்தரம் ஒரு தூண் அல்ல. மயானத்தில் நிற்பவரின் கையுறை ஒரு தூண் அல்ல. நூறு நாளில் தடுப்பூசி செய்வது எப்படி என்று யோசிப்பவர்கள், முதல் நாள் காலை ஐந்தரை மணிக்கு மஸ்டரில் நிற்பவரைத் தரையைப் போல எடுத்துக்கொள்கிறார்கள். தூண் நிற்பதே அந்தத் தரையில்தான்.

புதுச் சட்டம் வரும்போது நாம் கேட்க வேண்டியதை இப்போதே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். சுகாதாரப் பணியாளர் என்ற வரையறையில் தூய்மைப் பணியாளரும் மயானப் பணியாளரும் பெயர் சொல்லி இடம்பெற வேண்டும், ஒப்பந்தமோ நிரந்தரமோ என்ற வேறுபாடு இல்லாமல். தொற்றுக் காலத்தில் பணியில் இருந்து இறந்தால் அது பணியால் நேர்ந்த சாவு என்றே கொள்ள வேண்டும். இல்லையென்று நிரூபிப்பது அரசின் வேலை, மகளின் வேலை அல்ல. சாவுக் கணக்கில் சாதியும் தொழிலும் இருக்க வேண்டும். மலக்குழிச் சாவுக்கு 2014இல் 10 லட்சம், 2023இல் 30 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது வானத்திலிருந்து விழவில்லை. யாரும் எண்ணாத சாவுகளை நம் தோழர்கள் ஊர் ஊராகப் போய்ப் பெயரோடு எண்ணிக் கொண்டுவந்து நீதிமன்றத்தில் வைத்தார்கள்.

அந்த வேலையைக் கொரோனாவுக்கும் செய்யலாம், இன்னும் நேரம் இருக்கிறது. மாணவத் தோழர்களிடம் கேட்பது இதுதான். உங்கள் நகராட்சிக்கோ பேரூராட்சிக்கோ தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய் செலவு. 2020 மார்ச் முதல் 2022 மார்ச் வரை பணியில் இருந்த காலத்தில் இறந்த தூய்மைப் பணியாளர்கள், மயானப் பணியாளர்கள் எத்தனை பேர், ஒப்பந்தத்தில் இருந்தவர்கள் உட்பட. அவர்களில் எத்தனை பேருக்கு 50 லட்சக் காப்பீட்டுக்குச் சான்று கொடுக்கப்பட்டது, எத்தனை பேருக்கு மறுக்கப்பட்டது, என்ன காரணம். அந்த இரண்டு ஆண்டுகளில் கையுறை, முகக்கவசம், பூட்ஸ் எத்தனை வாங்கப்பட்டன, ரசீது நகல். ஒப்பந்தக்காரரோடு போட்ட ஒப்பந்தத்தின் நகல். பெயர் கேட்காதீர்கள், தனிநபர் தகவல் என்று நிராகரிக்க வழி கிடைக்கும். எண்ணிக்கை கேளுங்கள். பெயரைத் தெருவில் கேட்டுக்கொள்ளலாம்.

முப்பது நாளில் பதில் வரும். "இது ஒப்பந்தக்காரர் சம்பந்தப்பட்டது, எங்களிடம் விவரம் இல்லை" என்று வரும், எங்களுக்கு அப்படித்தான் வந்தது. விட்டுவிடாதீர்கள். அந்த ஆண்டுகளில் நடைமுறையில் இருந்த 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டப்படி முதன்மை வேலையளிப்பவர் நகராட்சிதான் என்று எழுதி முதல் மேல்முறையீடு செய்யுங்கள். எங்கள் மேல்முறையீட்டுக்கு இன்னும் பதில் வரவில்லை. எங்கள் தோழரின் அம்மா கூட்டிய வார்டில் இப்போது அவருடைய சித்தி வேலை பார்க்கிறார். கையுறை இப்போதும் மாதம் ஒரு ஜோடிதான். அந்தக் கேள்வியையும் மனுவில் சேர்த்திருக்கிறோம்.